நாய் கற்றதை அளந்தவர்கள்

நாயைக் குறித்து நம் மக்கள் இரண்டு தீர்ப்புகளை வழங்கி வருகின்றனர். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது ஒன்று. குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் பழைய குணத்தை விடாது என்பதும் அத்தீர்ப்பின் கிளையே ஆகும். வீட்டில் நாய் வளர்ப்போர் வழங்கும் தீர்ப்போ இதற்கு நேர்மாறானது. “எங்கள் நாய்க்கு எல்லாம் விளங்கும், வாய் திறந்து பேசுவது ஒன்றுதான் பாக்கி” என்று அவர்கள் வருவோர் போவோரிடமெல்லாம் கூறி மகிழ்வர். முதல் தீர்ப்பின்படி நாய்க்கு எதையும் கற்பிக்க இயலாது; இரண்டாவதன்படி கற்பிக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டும் சாட்சியை விசாரியாமல் எழுதப்பட்டவை. அவற்றால் நேரும் துன்பத்தை அனுபவிப்பது நாய்தான். “தெரிந்திருந்தும் வேண்டுமென்றே செய்கிறது” என்று எண்ணுபவர் அதனை அடிக்கிறார். “இது திருந்தாது” என்று எண்ணுபவர் அதனைத் தெருவில் விட்டுவிடுகிறார்.

நாய் உண்மையில் எதைக் கற்றது, எத்தனை நாளில் கற்றது, கற்றதை எந்த இடத்தில் மறந்தது என்று கணக்கு எழுதிப் பார்க்கும் எண்ணம் மனிதனுக்கு மிகவும் பிந்தியே தோன்றியது. அந்தக் கணக்கின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

நாயைப் பழக்கும் கலை பழமையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் ஜெனோபன் வேட்டையைப் பற்றிய தம் நூலில், நாய்க்கு இடும் பெயர் கூப்பிடுவதற்கு எளிதாகச் சுருங்கியிருத்தல் வேண்டும் என்று கூறி, ஏற்ற பெயர்களை வரிசையாகத் தந்திருக்கிறார். நம் நாட்டில் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் மானஸோல்லாஸம் என்னும் வடமொழி நூல், அரசர்க்குரிய வினோதங்களை விரிக்குமிடத்து நாய்களுக்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. இத்தகைய நூல்கள் நல்ல நாயின் இலக்கணத்தைக் கூறின. அதனை வளர்க்கும் முறையையும் கூறின. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாய் முதல் நாள் எப்படி இருந்தது, முப்பதாம் நாள் எப்படி ஆயிற்று என்னும் செய்தியை எவரும் எழுதிவைக்கவில்லை. வேட்டையில் விலங்கு அகப்பட்டதா, மந்தை பத்திரமாக வீடு திரும்பியதா என்பதே அக்காலத்துப் பரீட்சை. அதில் தேறாத நாய்க்கு மறு பரீட்சையும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பரிணாமக் கொள்கையை நிறுவிய டார்வினுடைய நூல்கள் விலங்குகளின் அறிவைப் பற்றிய ஆவலை எங்கும் எழுப்பின. டார்வினின் இளைய நண்பரான ஜார்ஜ் ரோமானிஸ் 1882இல் விலங்கறிவைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். நாய், யானை, பூனை, எறும்பு முதலியவற்றின் சாமர்த்தியத்தைக் காட்டும் செய்திகளைப் பலரிடமிருந்தும் திரட்டி அவர் அதனை எழுதினார். படிப்பதற்குச் சுவையான நூல்தான். எனினும் அதிலிருந்த சான்றுகள் பெரும்பாலும் செவிவழிச் செய்திகள். செல்லப் பிராணியின் பெருமையை அதன் சொந்தக்காரரே எடுத்துரைக்கும்போது, அதில் உண்மை எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் முன்னோடியாக நிற்பவர் ஸர் ஜான் லப்பக். தொழிலால் அவர் வங்கிக்காரர். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்தில் வங்கிகளுக்கு விடுமுறை நாட்களை வகுத்த 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. டார்வினின் அண்டை வீட்டாராக வளர்ந்தவர். அவரிடம் வான் என்னும் பெயருடைய கறுப்புப் பூடில் நாய் ஒன்று இருந்தது. கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் அமெரிக்கச் சிறுமிக்கு டாக்டர் ஹோ என்பவர் எழுத்தறிவித்த வரலாறு லப்பக்கின் நெஞ்சைத் தொட்டது. நாம் விலங்குகளுக்கு நம் கருத்தை உணர்த்தவே முயல்கிறோம். அவற்றின் கருத்தை நமக்கு உணர்த்த ஒரு வழியை அவற்றிற்கு ஏன் கொடுக்கலாகாது என்று அவர் சிந்தித்தார்.

அவர் செய்தது இதுதான். அட்டைத் துண்டுகளில் ‘உணவு’, ‘எலும்பு’, ‘தண்ணீர்’, ‘வெளியே’ முதலிய சொற்களை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். முதலில் ஒரு தட்டில் உணவை வைத்து, அதன்மேல் ‘உணவு’ என்ற அட்டையை வைத்தார். வெறுந் தட்டின்மேல் எழுத்தில்லாத அட்டையை வைத்தார். பின்னர் அட்டைகளைத் தரையில் பரப்பி, நாய் அவற்றைக் கவ்விக் கொண்டுவரும்படி பழக்கினார். வெறும் அட்டையைக் கொண்டுவந்தால் அதனைத் திரும்ப எறிந்துவிடுவார். ‘உணவு’ அட்டையைக் கொண்டுவந்தால் ஒரு துண்டு ரொட்டி கிடைக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வான் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. நாய் மோப்பத்தால் அட்டையைத் தேர்கிறதோ என்னும் ஐயத்தை நீக்க, ஓர் அட்டையைக் கொண்டுவந்தவுடன் அதே சொல் எழுதிய வேறோர் அட்டையை அவ்விடத்தில் வைத்தார்.

பொதுவாகச் சொல்லிச் செல்வதைவிட எண்ணிக்கையைத் தருவதே தெளிவானது என்பது லப்பக்கின் கருத்து. ஆகவே அவர் நாள்வாரியாகக் கணக்கு எழுதினார். ஒரு சோதனையில் தரையில் 12 அட்டைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ‘உணவு’, மற்றொன்று ‘தேநீர்’. நாயை எவரும் ஏவவில்லை. அது தன் விருப்பம்போல் இருந்தது. மொத்தம் 113 முறை வான் அட்டை கொண்டுவந்தது. அவற்றுள் 80 முறை ‘உணவு’. 31 முறை ‘தேநீர்’. எஞ்சிய 10 அட்டைகளும் சேர்ந்து 2 முறை மட்டுமே. இதனைப் படிப்பவர்க்கு வேறு வாதம் தேவையில்லை.

லப்பக்கைப் போற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் தம் நாயின் தோல்விகளையும் மறைக்காமல் பதிவு செய்தார். ஒரு வண்ண அட்டையைக் காட்டி, அதே வண்ணமுள்ள இணை அட்டையைக் கொண்டுவரச் செய்ய அவர் முயன்றார், வான் தேறவில்லை. எண்ணிக்கை கற்பிக்க முயன்றார், அதிலும் தேறவில்லை. இவையனைத்தையும் அவர் 1888இல் வெளியிட்ட நூலில் காணலாம். வெற்றியை மட்டும் குறிப்பது புகழுரை. தோல்வியையும் சேர்த்துக் குறிப்பதே கணக்கு.

அடுத்த படியைக் கட்டியவர் பிரிஸ்டல் நகரில் பேராசிரியராக இருந்த லாயிட் மார்கன். அவருடைய வீட்டில் டோனி என்னும் டெரியர் நாய் வளர்ந்தது. வீட்டின் முன் இரும்புக் கம்பி வேலியும் வாயிற்கதவும் இருந்தன. டோனி தன் தலையால் தாழ்ப்பாளை உயர்த்தும்; கதவு திறந்துகொள்ளும்; நாய் தெருவிற்கு ஓடிவிடும். இதனைப் பார்த்த வழிப்போக்கர் எவரும், தாழ்ப்பாளின் அமைப்பை நாய் ஆராய்ந்து அறிந்திருக்கிறது என்றே வியந்திருப்பார். ஆனால் மார்கன் முதல் நாள் முதற்கொண்டு கவனித்து வந்தவர். தெருவைப் பார்க்கும் ஆசையால் நாய் கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. அவ்வாறு செய்கையில் ஒருநாள் தற்செயலாகத் தாழ்ப்பாள் மேலெழுந்தது. அதன் பின்னும் நாய் தவறான இடங்களில் பலமுறை தலையை நுழைத்தது. பிழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நேரே சென்று தாழ்ப்பாளை உயர்த்தும் நிலையை அடைய ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. முடிவை மட்டும் கண்டவனுக்கு அது பேரறிவு. வளர்ச்சியை நாள்தோறும் கண்டவருக்கு அது முயன்று தவறிக் கற்ற பழக்கம். எளிய காரணம் ஒன்று போதுமானதாக இருக்கையில் விலங்கின் செயலுக்கு உயர்ந்த மனவாற்றலைக் காரணமாகக் கூறலாகாது என்று 1894இல் அவர் வகுத்த நெறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கதைகளின் செல்வாக்கை முற்றிலும் ஒழித்தவர் அமெரிக்க இளைஞர் எட்வர்டு தார்ண்டைக். நாய்கள் நூற்றுக்கணக்கில் வழி தவறித் தொலைகின்றன. அதனை எவரும் பத்திரிகைக்கு எழுதுவதில்லை. ஒரே ஒரு நாய் தொலைவிலிருந்து வீடு திரும்பிவிட்டால் மட்டும் அது ஊரெங்கும் பரவும் கதையாகிவிடுகிறது என்று அவர் கேலி செய்தார். அவர் மரச் சட்டங்களால் கூண்டுகள் செய்து, கயிற்றை இழுத்தாலோ பலகையை மிதித்தாலோ கதவு திறக்கும்படி அமைத்தார். பூனைகளையும் சில நாய்களையும் அவற்றுள் அடைத்து, வெளியே உணவை வைத்து, வெளிவர எத்தனை வினாடி ஆகிறதென்று ஒவ்வொரு முறையும் குறித்தார். 1898இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி நூலில் அக்காலக் கணக்குகள் வளைகோடுகளாக வரையப்பட்டன. கற்றல் என்னும் கண்ணுக்குப் புலப்படாத நிகழ்ச்சி, தாளின்மேல் இறங்கிவரும் கோடாக மனிதனுக்குக் காட்சியளித்தது. அக்கோடு நேராக இறங்கவில்லை. ஏறியும் இறங்கியும், தேங்கியும் தாழ்ந்தும் சென்றது. நேற்று நன்றாகச் செய்த பிராணி இன்று தடுமாறுவது பிடிவாதத்தால் அன்று என்பதும், கற்றலின் இயல்பே அதுவென்பதும் அக்கோட்டிலிருந்து விளங்கின.

ருஷிய விஞ்ஞானி பாவ்லாவின் நாய்களைப் பற்றி அறியாதார் இல்லை. உணவுக்கு முன் ஓசையெழுப்பிப் பழக்கிய நாய்க்கு, பின்னர் ஓசை கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் சுரந்தது. அதனைத் துளித்துளியாக எண்ணினார்கள். அவருடைய வரலாற்றில் நம் பொருளுக்கு இன்றியமையாத நிகழ்ச்சி வேறொன்று உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் நேவா நதி பெருக்கெடுத்து, ஆய்வுக்கூடத்தின் நாய்க்கூடங்களிலும் புகுந்தது. கழுத்தளவு நீரில் தத்தளித்த நாய்களைப் பணியாளர்கள் அரும்பாடுபட்டு மீட்டனர். பின்னர்ச் சோதித்தபோது, சில நாய்களிடம் நன்கு ஊன்றியிருந்த பழக்கங்கள் மறைந்துபோயிருந்தன. நெருக்கமான பதிவேடு இருந்தமையால்தான் அந்த இழப்பு புலனாயிற்று. அச்சம் கல்வியை அழிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அச்சத்தை ஒரு கருவியாகவே கொண்ட பயிற்சிமுறை அதே காலத்தில் மற்றொரு புறம் வளர்ந்து வந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் போலீஸார் 1899இல் நாய்களைப் பணியில் சேர்த்தனர். ஜெர்மனியில் கான்ராடு மோஸ்ட் என்னும் அதிகாரி 1910இல் நாய்ப் பயிற்சியைப் பற்றிய கைநூல் ஒன்றை வெளியிட்டார். செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே ஒரு கணமும் தாமதம் ஆகாது. நாய்க்கு நம் ஒழுக்க நெறிகள் விளங்குவதில்லை. ஆகையால் அதனைக் குற்றவாளியாகக் கருதலாகாது என்று அவர் நுட்பமாக எழுதினார். எனினும் முட்பட்டையும் பிரம்பும் அவர் முறையில் இடம் பெற்றிருந்தன. போர்க்காலங்களில் அம்முறை பல நாடுகளிலும் பரவிற்று. நாய் பணிந்ததா இல்லையா என்பது மட்டுமே அங்குக் கணக்கு. பணிந்தபோது அதன் உடல் நடுங்கிற்றா என்பதற்குக் கணக்கேட்டில் இடமே இல்லை.

வீட்டு நாய்க்கென்று ஒழுங்கான பரீட்சையை வகுத்த பெருமை ஓர் அமெரிக்கப் பெண்மணியைச் சாரும். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்னும் அவ்வம்மையார் பூடில் நாய்களை வளர்த்து வந்தார். மயிரை அழகாகக் கத்தரித்து மேடையில் நிறுத்தும் அலங்காரப் பொம்மைகள் என்று பிறர் அவற்றை இகழ்ந்தனர். இங்கிலாந்தில் நடந்துவந்த பயிற்சிப் போட்டிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் தம் தந்தையாரின் பண்ணையில் அவர் ஒரு பரீட்சை நடத்தினார். அதில் கலந்துகொண்டவை 8 நாய்களே. அவருடன் சேர்ந்து உழைத்த பிளான்ச் சாண்டர்ஸ் என்னும் பெண்மணி, எந்த இன நாயையும் எவரும் பழக்கலாம் என்று காட்டுவதில் முன்னின்றார். அமெரிக்கக் கென்னல் கிளப் 1936இல் இப்பரீட்சைக்கு விதிகளை ஏற்றது. 1937இல் இவ்விரு பெண்மணிகளும் தம் நாய்களை ஏற்றிக்கொண்டு, மோட்டார் வண்டியில் பூட்டிய நடமாடும் வீட்டுடன் 10,000 மைல் பயணம் செய்து, ஊர் ஊராகச் செயல் விளக்கம் காட்டி வந்தனர்.

பின்னாளில் நிலைபெற்ற அப்பரீட்சையின் தொடக்க வகுப்பைச் சற்று நோக்குவோம். மொத்த மதிப்பெண் 200. வாரைப் பிடித்தபடி உடன் நடத்தல், வாரின்றி உடன் நடத்தல், நின்றபடி அந்நியர் தொடுவதைப் பொறுத்தல், அழைத்தவுடன் வருதல், உட்கார்ந்த இடத்திலேயே இருத்தல், படுத்த இடத்திலேயே இருத்தல் ஆகிய பகுதிகளுக்கு 30ஓ 40ஓ மதிப்பெண்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. தேர்ச்சிக்கு 170 தேவை. அத்துடன் ஒவ்வொரு பகுதியிலும் பாதிக்கு மேல் பெற வேண்டும். ஒரு பகுதியில் முழு மதிப்பெண் பெற்று மற்றொன்றின் குறையை மூடிவிட இயலாது. ஒருநாள் தேறினால் பட்டம் கிடைக்காது. வெவ்வேறு நடுவர்களின் முன்னிலையில் மூன்று முறை தேற வேண்டும். ஒரு நல்ல நாளில் தற்செயலாக அமைந்த வெற்றியைக் கல்வி என்று ஏற்காத விதி இது. மாணவர் பரீட்சைகளை நடத்துவோரும் எண்ணிப் பார்க்கத்தக்க விதி என்பேன்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். இப்பயிற்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘கீழ்ப்படிதல்’ என்றாகும். அகராதிப்படி அது பிழையன்று. ஆனால் தமிழர் மாட்டையும் யானையையும் நாயையும் ‘பழக்கினார்கள்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பழக்குதல் என்பது பழகுதல் என்பதிலிருந்து பிறந்த சொல். பழகுதலோ இருவர்க்கிடையே நிகழ்வது. நாய் நம்மிடம் பழகும்போது நாமும் நாயிடம் பழகுகிறோம். மேனாட்டு ஆராய்ச்சியாளர் பல பதிவேடுகளைப் புரட்டிக் கண்ட உண்மை நம் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

அவ்வுண்மையை முதலில் வெளிப்படுத்தியது ஒரு குதிரை. பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்பவர் வளர்த்த ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிற்று. ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1907இல் வெளியிட்ட முடிவு யாது? வினவுபவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண்ணை அடைந்ததும் வினவுபவர் தம்மை அறியாமலே தலையைச் சிறிது அசைத்தார்; அவ்வசைவைக் கண்டு குதிரை நிறுத்திக்கொண்டது. அதில் வஞ்சனை ஏதுமில்லை. “என் நாய்க்கு இந்தச் சொல் தெரியும்” என்று கூறுபவர் பலரின் நாய்கள் அறிந்திருப்பது சொல்லையன்று. அவர் குனியும் விதத்தையும் கையை நீட்டும் விதத்தையுமே. அவர் நாற்காலியில் அமர்ந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே சொல்லைக் கூறினால் உண்மை தெரிந்துவிடும்.

கீழ்ப்படிதல் என்னும் சொல்லின் குறைபாட்டை வேறு வகையில் காட்டியவை குருடர்க்கு வழிகாட்டும் நாய்கள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் இதற்கென ஒரு பள்ளி தோன்றியது. 1928இல் மாரிஸ் பிராங்க் என்னும் கண்ணற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, படி என்னும் பெண் நாயுடன் பயின்று திரும்பி, நியூயார்க்கின் நெருக்கமான சாலையொன்றைப் பத்திரிகையாளர் முன்னிலையில் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் இத்தகைய பள்ளி நிறுவப்பட்டது. இந்நாய்களுக்கு இறுதியாகக் கற்பிக்கப்படும் பாடம் ஆணையை மறுப்பது! ‘முன்னே செல்’ என்று தலைவன் கூறினாலும், வண்டி வருவதைக் கண்டால் நாய் அசையாமல் நிற்க வேண்டும். பணிவின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டிருப்பவனின் ஏட்டில் அது தவறாகவே பதிவாகும். அந்தத் தவறே ஒரு மனிதனின் உயிரைக் காக்கிறது.

நாயின் கல்வி எந்த வயதில் தொடங்குகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் ஸ்காட், புல்லர் என்னும் இருவர். அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஐந்து இன நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். பிறந்த 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையில் மனிதரோடு பழகாத குட்டி பின்னர் மனிதரை நம்புவது கடினம் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் தலையாயது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் ஆண்டுகளில் கூறுவதை அவர்கள் வாரங்களில் கண்டனர்.

பயிற்சிமுறையிலும் மாறுதல் வந்தது. 1951இல் உளவியல் அறிஞர் ஸ்கின்னர், குழந்தைகள் விளையாடும் ‘டிக்’ என ஒலிக்கும் தகரப் பொம்மையைக் கொண்டே நாயைப் பழக்கலாம் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். சரியான செயலைச் செய்த அதே கணத்தில் ஒலி. ஒலிக்குப் பின் உணவு. அவ்வளவே. 1990களில் இம்முறை வீடுகளுக்குள் பரவிற்று. முட்பட்டையைப் பற்றிய வழக்கும் பதிவேட்டைக் கொண்டே ஆராயப்பட்டது. போர்ச்சுகல் நாட்டு ஆராய்ச்சியாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 92 வளர்ப்பு நாய்களை ஒப்பிட்டனர். தண்டனையை மிகுதியாகக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள், வெகுமதியால் பழக்கப்பட்டவற்றைவிட அதிக மனக்கலக்கத்தைக் காட்டின. நாய்களின் உமிழ்நீரிலேயே அதற்குரிய சான்றைக் கண்டனர். மோஸ்டின் ஏட்டில் விடுபட்ட பகுதி 110 ஆண்டுகளுக்குப் பின் நிரப்பப்பட்டது.

எத்தனை முறை பயிற்சி அளிப்பது என்பதிலும் நம் ஊகம் பொய்த்தது. டென்மார்க் ஆராய்ச்சியாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகுதி நாய்களுக்கு வாரத்தில் 5 நாளும், மற்றொரு தொகுதிக்கு வாரத்திற்கு ஒரு நாளும் அதே பாடம் கற்பிக்கப்பட்டது. வாரம் ஒருமுறை பயின்றவை குறைவான பாடங்களிலேயே தேறின. நாட்கணக்கில் மட்டும் அவற்றிற்கு அதிக காலம் ஆயிற்று. இடையே ஓய்வு இருந்தால் பாடம் ஊறுகிறது போலும்!

லப்பக் தொடங்கிவைத்த பணியும் நிற்கவில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜான் பில்லி, சேசர் என்னும் மேய்ப்பு நாய்க்கு மூன்றாண்டுக் காலத்தில் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். 2011இல் அச்செய்தி அறிவியல் ஏட்டில் வெளியாயிற்று. சோதனையின்போது பொம்மைகள் வேறிடத்தில், பேராசிரியரின் கண்ணுக்குத் தெரியாதவாறு வைக்கப்பட்டன. ஹான்ஸ் குதிரை புகட்டிய பாடம் வீண்போகவில்லை.

நம் நாட்டில் மீரட் நகரிலுள்ள இராணுவக் கால்நடை மருத்துவப் படையின் நிலையமும், குவாலியருக்கு அருகே தெக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் நடத்திவரும் தேசிய நாய்ப் பயிற்சி நிலையமும் இத்துறையில் புகழ் பெற்றவை. கருநாடகத்தின் முதோல் நாய்களும் 2016இல் மீரட்டில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அங்கெல்லாம் வல்லுநர் உள்ளனர். நம் வீட்டு நாய்க்கு நாமே வல்லுநர், நாமே நடுவர். ஆதலால் நமக்குத்தான் பதிவேடு மிகவும் தேவைப்படுகிறது.

அதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டுவதில்லை. பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, கூறிய சொல், இடம், கூறியவர் யார், பத்து முறையில் முதல் அழைப்பிலேயே எத்தனை முறை செய்தது, அப்போது அருகில் என்ன நடந்துகொண்டிருந்தது, நாயின் காதும் வாலும் எந்நிலையில் இருந்தன. இந்த ஏழு செய்திகளை ஒரு வரியில் எழுதிவிடலாம். இரண்டு திங்கள் கழித்து அதனைப் புரட்டிப் பார்ப்பவர் சில வியப்பான உண்மைகளைக் காண்பார். கூடத்தில் பத்துக்கு ஒன்பது முறை வந்த நாய் வாசலில் பத்துக்கு மூன்று முறையே வந்திருக்கும். ‘வா’ என்னும் சொல்லை அது கூடத்தில் கற்றதேயன்றி வாசலில் இன்னும் கற்கவில்லை என்பது அதன் பொருள். தாய் அழைத்தால் வரும் நாய் மகன் அழைத்தால் வாராதிருக்கும். மகன் ஒரே மூச்சில் நான்கு முறை அழைக்கும் வழக்கமுடையவனாக இருப்பான். பட்டாசு வெடித்த வாரத்தில் மதிப்பெண் சரிந்திருக்கும். லெனின்கிராடு வெள்ளத்தை அப்போது நினைவுகூரலாம். நாயின் குற்றமென்று கருதியவற்றுள் பல இடத்தின் குற்றமாகவும், காலத்தின் குற்றமாகவும், கற்பித்தவரின் குற்றமாகவும் மாறிவிடும்.

அந்நிலையில் ஓங்கிய கை தானே தாழும். தெருவில் விடப்பட இருந்த நாய்க்கு வாசலில் இன்னும் ஒரு மாதப் பாடம் கிடைக்கும். நாயால் எழுதவோ முறையிடவோ இயலாது. தன் பக்கத்துச் சாட்சியைக் கூறவும் அதற்கு நாவில்லை. அதன் சார்பில் நாம் எழுதிவைக்கும் கணக்கே அதற்குக் கிடைக்கும் ஒரே சாட்சி.